"எல்லாரும் சிரிக்கிறாங்க, எனக்கு மட்டும் புரியல": ஆங்கில நகைச்சுவைத் தொடர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினோரு வருஷமாக வீட்டு மாடியில் சாயங்காலம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் வகுப்பில் கேட்கும் சந்தேகத்தைவிட, வகுப்பு முடிந்து படியில் செருப்பு மாட்டும்போது கேட்பதுதான் அதிகம். "மிஸ், நேத்து ஒரு எபிசோடு பார்த்தேன், ஒருத்தன் இப்படிச் சொன்னான், எல்லாரும் சிரிச்சாங்க, ஏன்?" ஒரே கேள்வி ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருந்ததால் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். அந்த நோட்டுதான் இது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

பன்னெண்டாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியம், அப்புறம் பி.இ. பிபிசி நியூஸ் முழுசாப் புரியுது. ஆனா 'ஃபிரண்ட்ஸ்'னு அமெரிக்கத் தொடர் பார்த்தா பாதிதான் புரியுது. என் இங்கிலீஷ் அவ்வளவு மோசமா மிஸ்?

இல்லவே இல்லை. செய்தி வாசிப்பவர் உலகம் முழுக்க இருப்பவர்களுக்காகப் பேசுகிறார். நகைச்சுவைத் தொடர் எழுதுகிறவர் தன் ஊர்க்காரர்களுக்காக எழுதுகிறார். அவர் படித்த பள்ளிக்கூடம், பார்த்த விளம்பரம், விளையாடிய விளையாட்டு எல்லாம் அவர்களுக்கும் தெரியும். அந்தத் தைரியத்தில் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார். நீங்கள் தவறவிடுவது அந்தச் சொல்லாத பாதியை.

நம் பக்கத்திலிருந்து பார்த்தால் சட்டென்று விளங்கும். 2019 மே மாதம் 'பிரே ஃபார் நேசமணி' ட்விட்டரில் உலக அளவில் டிரெண்ட் ஆனது ஞாபகம் இருக்கும். ஃபேஸ்புக்கில் யாரோ ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். நம்மாள் ஒருவர் பெயரைச் சொன்ன கையோடு, நேசமணியின் தலையை உடைத்தது இதுதான், பாவம் மனுஷன் என்றும் எழுதிவைத்தார். அப்புறம் ஊரே பிரார்த்தனையில் இறங்கிவிட்டது. யார் இந்த நேசமணி என்று வெளியூர்க்காரர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மூன்றே மூன்று சுலபமான சொற்கள்தான், ஆனால் 2001-ல் வந்த படத்தில் வடிவேலு தலையில் சுத்தியல் விழுந்ததைப் பார்க்காதவருக்கு எந்த அகராதியும் கை கொடுக்காது. அந்தப் படத்தின் பெயரும் ஃபிரண்ட்ஸ்தான் என்பது தனி வேடிக்கை.

இடியம்னா என்ன, ரெஃபரன்ஸ்னா என்ன? எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது.

இடியம் என்பது மரபுத்தொடர். 'த பாட் காலிங் த கெட்டில் பிளாக்' என்றால், பானை கெட்டிலைப் பார்த்து நீ கருப்பு என்றதாம். நம்மூரில் ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை. பாத்திரம்தான் வேறு. மேடை ஏறப் போகிறவரிடம் 'பிரேக் எ லெக்' என்றால் காலை உடைத்துக்கொள் என்று அர்த்தமில்லை, நன்றாகச் செய்து வா என்று வாழ்த்து. இதெல்லாம் அகராதியில் இருக்கும். ஒரு தடவை தெரிந்துகொண்டால் ஆயுசுக்கும் உதவும்.

ரெஃபரன்ஸ் என்பது ஓர் ஆள், ஒரு விளம்பரம், ஒரு சம்பவம், ஓர் ஊர். நேசமணி ரெஃபரன்ஸ். அகராதியில் இருக்காது, அதன் கதையைத் தேடிப் படிக்க வேண்டும். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதுதான் கஷ்டம்: தொனி. எல்லாச் சொல்லும் புரியும், கதையும் ஒன்றும் இருக்காது, சொன்ன விதத்தில்தான் சிரிப்பு. நான் வைத்திருக்கும் குத்துமதிப்பான கணக்கு இது: பெயர்ச்சொல் காதில் விழுந்தால் ரெஃபரன்ஸ், மிருகமோ பாத்திரமோ உடம்பின் உறுப்போ சம்பந்தமில்லாத இடத்தில் வந்து விழுந்தால் இடியம், எல்லாம் புரிந்தும் சிரிப்பு விளங்கவில்லை என்றால் தொனி. 'பாப்ஸ் யுவர் அங்கிள்' மாதிரி சில இந்தக் கணக்கைக் கெடுக்கும். அதில் வரும் பாப் யாருடைய சித்தப்பாவும் இல்லை. 'அவ்வளவுதான், வேலை முடிந்தது' என்பதற்குப் பிரிட்டிஷ்காரர்கள் அப்படிச் சொல்வார்கள்.

காதலைப் பத்திப் பேசும்போது 'ஃபர்ஸ்ட் பேஸ்', 'ஸ்ட்ரைக் அவுட்'னு ஏதேதோ சொல்றாங்க. அது என்ன கணக்கு?

பேஸ்பால் கணக்கு. அமெரிக்கத் தொடர் பார்ப்பவர்கள் அந்த ஆட்டத்தைப் பத்து நிமிஷம் படித்துவிடுவது நல்லது. பந்து எறிபவர் பிட்சர். மட்டையோடு நிற்கும் இடம் ஹோம் பிளேட். அடித்துவிட்டு முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ் என்று சுற்றி ஓடி மறுபடி ஹோம் பிளேட்டுக்கு வந்து சேர்ந்தால் ஒரு ரன். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். இனி வசனத்துக்கு வருவோம். பெண்ணிடம் பேசப் போய் மூக்குடைபட்டுத் திரும்பினால் ஸ்ட்ரைக் அவுட். முத்தம் வரைக்கும் போனால் ஃபர்ஸ்ட் பேஸ். மற்ற பேஸ்களை நான் வகுப்பில் விளக்குவதில்லை, ஊகித்துக்கொள்ளலாம். பிட்சர் எறியும் பந்து கடைசி நேரத்தில் வளைந்தால் கர்வ்பால். வாழ்க்கையில் அது எதிர்பாராத சிக்கல். 'அவுட் ஆஃப் லெஃப்ட் ஃபீல்டு' என்றால் சம்பந்தா சம்பந்தமில்லாமல் திடீரென்று வந்தது. 'பால்பார்க் ஃபிகர்' என்றால் குத்துமதிப்பான தொகை. ஆட்டம் மழையில் நின்றுபோனால் இன்னொரு நாள் வந்து பார்க்கக் கொடுக்கும் சீட்டு 'ரெயின் செக்'. சாப்பிடக் கூப்பிட்டவரிடம் 'ஐ வில் டேக் எ ரெயின் செக்' என்றால், இன்றைக்கு வேண்டாம், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று நாசூக்காக நழுவுவது. மழை வருகிறதா என்று பார்ப்பது என எழுதிய பிள்ளைகளும் உண்டு.

அமெரிக்கக் கால்பந்து தனி. ஆட்டங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை நடக்கும். திங்கள் காலை ஆபீசுக்கு வந்து, அந்த இடத்தில் பந்தை இப்படி எறிந்திருக்க வேண்டும் என்று அளப்பவர் 'மண்டே மார்னிங் குவார்ட்டர்பேக்'. குவார்ட்டர்பேக் என்பவர் அந்த ஆட்டத்தில் பந்தை எறிபவர். நம் டீக்கடைகளில் கிரிக்கெட்டுக்கு அப்படிப்பட்டவர்கள் நிறைய. கடைசி நொடியில் சாமியை வேண்டிக்கொண்டு தூர எறிவது 'ஹெய்ல் மேரி'. 1975-ல் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியின் ரோஜர் ஸ்டாபக் அப்படி எறிந்து ஜெயித்தபின்தான் அந்தப் பெயர் எல்லார் வாயிலும் புழங்க ஆரம்பித்தது.

பிரிட்டிஷ் தொடரில் கிரிக்கெட் வரும், நமக்குச் சுலபம் என்று நினைப்போம். அங்கேதான் ஒரு பள்ளம். 'இட் நாக்டு மீ ஃபார் சிக்ஸ்' என்று ஒருவர் சொன்னால் நம் காதுக்குச் சந்தோஷமாகக் கேட்கும், சிக்ஸர் ஆயிற்றே! ஆனால் சொல்பவர் அங்கே மட்டை பிடித்தவர் இல்லை, அடிபட்டவர். பலத்த அடி வாங்கி நிலைகுலைந்து போனேன் என்று சொல்கிறார்.

வருஷா வருஷம் தேங்க்ஸ்கிவிங் எபிசோடு வருதே, அதுல அப்படி என்ன விசேஷம்?

அது நவம்பரின் நான்காவது வியாழக்கிழமை. அமெரிக்காவில் பழைய முறைப்படி ஒரு தொடரின் சீசன் செப்டம்பரில் தொடங்கி மே மாதம் முடியும். அதனால் ஒவ்வொரு சீசனிலும் நவம்பர் கட்டாயம் வரும், தேங்க்ஸ்கிவிங்கும் வரும். நம் சேனல்களில் தீபாவளி சிறப்பு நிகழ்ச்சி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். குடும்பம் முழுக்க ஒரே மேசையில் வான்கோழி, உள்ளே அடைத்த ஸ்டஃபிங், பூசணிப் பை என்று சாப்பிட வேண்டும். வருஷம் முழுக்க ஒதுங்கி இருந்த உறவுக்காரர்களை ஒரே அறையில் அடைத்து, வெளியே போகவும் வழியில்லாமல் செய்தால் என்ன ஆகும்? எழுத்தாளருக்கு அதைவிட என்ன வேண்டும். ஃபிரண்ட்ஸில் சாண்ட்லருக்கு அந்தச் சாப்பாடே பிடிக்காது. காரணம், அவனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவன் அப்பா அம்மா விவாகரத்துச் செய்தியைச் சொன்னது அந்தச் சாப்பாட்டு மேசையில்.

பிரிட்டனில் தேங்க்ஸ்கிவிங் கிடையாது, கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோடுதான். லண்டனின் பெக்கம் பகுதியில் தட்டுமுட்டு வியாபாரம் செய்து பிழைக்கும் சகோதரர்களின் கதையான 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்', 1996 கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒளிபரப்பிய எபிசோடை 2 கோடியே 43 லட்சம் பேர் பார்த்தார்கள். அந்தத் தலைப்பே ஒரு பழமொழியிலிருந்து வந்ததுதான்: முட்டாளும் குதிரையும்தான் உழைக்கும். அது தெரிந்தால் அண்ணன்காரன் ஏன் ஒரு நாளும் ஒழுங்கான வேலைக்குப் போவதில்லை என்பது தலைப்பிலேயே விளங்கிவிடும்.

பின்னாடி சிரிப்புச் சத்தம் கேக்குதே, அது நிஜமா, மெஷினா?

இரண்டும் உண்டு. 'ஐ லவ் லூசி' 1951-ல் தொடங்கியபோதே மூன்று கேமரா வைத்து, அரங்கில் ஆட்களை உட்காரவைத்துத்தான் எடுத்தார்கள். ஃபிரண்ட்ஸும் அப்படி எடுத்ததுதான். சிரிப்பு போதாத இடத்தில் சேர்க்க, சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் 1950-களில் ஒரு பெட்டி செய்தார். தட்டச்சுப் பொறி மாதிரி சாவிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விதச் சிரிப்பு. கொரியப் போர்க்கள மருத்துவமனையைப் பற்றிய 'மேஷ்' தொடருக்கு அமெரிக்காவில் சிரிப்புச் சத்தம் சேர்த்தார்கள், அறுவைசிகிச்சைக் காட்சிகளில் மட்டும் வேண்டாம் என்று விட்டார்கள். பிபிசி அதையே சிரிப்பை எடுத்துவிட்டு ஒளிபரப்பியது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வேறு வேறு தொடர் மாதிரி இருக்கும்.

கற்றுக்கொள்கிறவருக்கு அந்தச் சத்தம் ஒரு வசதி. ஜோக் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். அது இல்லாத தொடர்களைக் கொஞ்சம் பழகியபிறகு பார்க்கலாம்.

பொண்டாட்டி கேள்வி கேட்டா ஹீரோ 'ஐ ப்ளீட் த ஃபிஃப்த்'ங்கிறான். என்ன ஃபிஃப்த்?

அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தம். 1791-லிருந்து இருக்கிறது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்கிறது. கோர்ட்டில் சொல்ல வேண்டியதை வீட்டில் சொல்கிறான். 'பதில் சொன்னால் மாட்டிக்கொள்வேன், அதனால் வாயைத் திறக்கமாட்டேன்' என்று பொருள். சொன்ன உடனே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரியும் ஆகிவிடுகிறது, சிரிப்பு அதில்தான். நம் அரசியலமைப்பிலும் 20(3) இதே உரிமையைக் கொடுக்கிறது. ஆனால் 'நான் இருபது மூணு' என்று மனைவியிடம் சொன்ன கணவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

நியூஜெர்சினு சொன்னாலே சிரிக்கிறாங்க. ஊர் பேர்ல என்ன ஜோக்?

பக்கத்து ஊர்க்காரனைக் கிண்டல் பண்ணாத ஊர் எது? நியூயார்க்கில் நடக்கும் கதைக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நியூஜெர்சி இளப்பம். ஃபுளோரிடா என்றால் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அப்பா அம்மா குடியேறும் இடம். 'சைன்ஃபெல்டு' தொடரின் நாயகனுடைய பெற்றோர் அங்கேதான் இருப்பார்கள். கனடாக்காரர் என்றால் எதற்கெடுத்தாலும் சாரி சொல்பவர். ஊர் பெயர் வந்தால் வரைபடத்தைத் தேடாதீர்கள், அந்த ஊர்க்காரரைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தேடுங்கள்.

பிரிட்டிஷ் தொடர்ல எல்லாரும் மூஞ்சியை உம்முனு வச்சுக்கிட்டு மரியாதையாப் பேசுறாங்க. ஜோக் எங்கே இருக்கு?

அந்த மரியாதையில்தான் இருக்கிறது. இரண்டாவது கேள்வியில் சொன்ன தொனி இதுதான். 1980-ல் தொடங்கிய 'எஸ் மினிஸ்டர்' நல்ல பாடம். மந்திரி ஜிம் ஹேக்கர், அவருக்குச் செயலாளராக சர் ஹம்ஃப்ரி ஆப்பிள்பி. மந்திரி ஏதாவது திட்டம் சொன்னால் செயலாளர் 'முடியாது' என்று ஒரு நாளும் சொல்லமாட்டார். 'இது துணிச்சலான முடிவு, மந்திரி அவர்களே' என்பார். மந்திரிக்கு முகம் வெளிறிவிடும். ஏனென்று தொடரிலேயே விளக்கம் வருகிறது: சர்ச்சைக்குரிய முடிவு என்றால் ஓட்டுக் குறையும், துணிச்சலான முடிவு என்றால் தேர்தலே போய்விடும்.

ஐ.ஏ.எஸ். அதிகாரிகளின் கோப்புக் குறிப்புகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தத் தொடர் அமெரிக்கத் தொடர்களைவிடச் சுலபம் என்பது என் எண்ணம். நம் செயலக நடைமுறை அங்கிருந்து வந்ததுதானே. 2001-ல் இதை இந்தியில் 'ஜி மந்திரிஜி' என்று ஃபாரூக் ஷேக்கை வைத்து எடுத்தார்கள். பட்டங்களைப் பற்றி இதில் வரும் ஒரு கிண்டல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வெளியுறவு அதிகாரிகளுக்குப் படிப்படியாகக் கிடைக்கும் பட்டங்கள் சி.எம்.ஜி., கே.சி.எம்.ஜி., ஜி.சி.எம்.ஜி. இவற்றுக்கு விரிவு: 'கால் மீ காட்', 'கைண்ட்லி கால் மீ காட்', 'காட் கால்ஸ் மீ காட்'. என்னைக் கடவுள் என்று கூப்பிடு, தயவுசெய்து கடவுள் என்று கூப்பிடு, கடைசியில் கடவுளே என்னைக் கடவுள் என்று கூப்பிடுகிறார்.

ஒரு அம்மா பேரு பக்கெட். 'பூக்கே'னு சொல்லுங்கனு எல்லார்கிட்டயும் சண்டை போடுது. ஸ்பெல்லிங் பக்கெட்தானே?

பக்கெட்தான். 1990 முதல் 1995 வரை பிபிசியில் வந்த 'கீப்பிங் அப் அப்பியரன்சஸ்'. வாளி என்று அர்த்தம் வரும் பெயரைப் பூங்கொத்து என்று பிரெஞ்சு மாதிரி உச்சரிக்கச் சொல்லி எல்லாரையும் பாடாய்ப் படுத்துவார் ஹையசிந்த். தங்கை குடும்பம் ஏழ்மையில் கிடப்பது அக்கம்பக்கத்துக்குத் தெரியக் கூடாது, வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றி விருந்து, ஒரு பீங்கான் கோப்பை கீழே விழுந்தால் பிரளயம்.

ஜோக்கின் வேர் வர்க்கம். இங்கிலாந்தில் ஒருவர் வாயைத் திறந்ததுமே எந்தத் தட்டு என்று சொல்லிவிடுவார்கள். 1954-ல் ஆலன் ராஸ் என்ற மொழியியல் பேராசிரியர் இதைப் பட்டியலே போட்டார். மேல்தட்டுக்காரர் கைத்துண்டை 'நாப்கின்' என்பார், மேலே ஏற ஆசைப்படும் நடுத்தரம் 'செர்வியெட்' என்று பிரெஞ்சுச் சொல்லைப் பிடித்துக்கொள்ளும். நாகரிகமாகப் பேசுவதாக நினைத்துப் பேசுவதே காட்டிக்கொடுத்துவிடுகிறது. சோறு என்றால் மட்டம் என்று நினைத்து 'சாதம்' என்று ஆரம்பித்து, அதுவும் போதாமல் 'கொஞ்சம் ரைஸ் போடட்டுமா' என்று கேட்கும் அத்தை ஒருவர் எல்லார் வீட்டிலும் இருப்பார். அவரை நினைத்துக்கொண்டு பாருங்கள், உடனே பிடிபடும்.

'நைஸ் பேண்ட்ஸ்'னு சொன்னதுக்கு இங்கிலாந்துக்காரன் ஏன் வெக்கப்படுறான்?

அங்கே பேண்ட்ஸ் என்றால் உள்ளாடை. வெளியே போடுவது டிரவுசர்ஸ். இந்த மாதிரி நிறைய இருக்கிறது: இங்கிலாந்தில் 'பப்ளிக் ஸ்கூல்' என்றால் ஈட்டன் மாதிரிக் காசு கட்டிப் படிக்கும் பள்ளிக்கூடம். 'கொயட் குட்' என்று அமெரிக்கர் சொன்னால் பாராட்டு, பிரிட்டிஷ்காரர் சொன்னால் சுமார்தான் என்பதும் இருக்கலாம். எந்த நாட்டுத் தொடர் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மைண்ட் யுவர் லாங்குவேஜ் பார்த்தா இங்கிலீஷ் வந்துடும்னு எங்க தாத்தா சொல்றார். நிஜமா?

1977-ல் பிரிட்டனில் தொடங்கியது. மிஸ்டர் பிரவுன் என்ற ஆசிரியரிடம் பல நாட்டுக்காரர்கள் வந்து இங்கிலீஷ் படிப்பார்கள், மரபுத்தொடர்களை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு சொதப்புவார்கள். இந்தியா, இலங்கை, பாகிஸ்தான் வரை ரசிகர்கள். இடியம் என்றால் என்ன என்று காது பழக இதைவிட நல்ல தொடர் கிடையாது, தாத்தா சொல்வதில் தப்பில்லை. ஏனென்றால் நாம் செய்யும் அதே தவறுதான் அங்கே ஜோக்.

ஆனால் சீக்கியர் எப்போதும் கும்பிட்டபடி ஆயிரம் மன்னிப்புக் கேட்பது, ஜப்பான்காரர் கேமராவோடு திரிவது என்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரே அச்சு. இப்படி இனங்களைக் கேலி செய்கிறது என்ற காரணத்துக்காகவே அங்கே 1979-ல் நிறுத்தினார்கள். 'சிம்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் கடை வைத்திருக்கும் இந்தியர் அபுவுக்கும் அதே வழக்கு வந்தது. அவருக்குக் குரல் கொடுத்த ஹேங்க் அசேரியா இனி அந்தக் குரலைத் தரமாட்டேன் என்று 2020-ல் விலகினார். கோபப்படலாமா என்று கேட்கிறார்கள். படலாம், சிரித்துவிட்டும் படலாம். என் வகுப்பில் இரண்டு கட்சியும் உண்டு.

பழைய தொடர்ல வர்ற பேரெல்லாம் யாருனே தெரியல. ஒவ்வொண்ணா நிறுத்தித் தேடினா எபிசோடு முடியவே மாட்டேங்குது.

நிறுத்தாதீர்கள். ஜோக்குக்கு ஓட்டம்தான் உயிர். முதல் தடவை விட்டுவிட்டுப் பாருங்கள், பெயரை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் கிறுக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த எபிசோடு எந்த மாதம், எந்த வருஷம் வந்தது என்று பாருங்கள். அந்தச் சமயத்து அமெரிக்கச் செய்தியில் விடை இருக்கும்.

ஓர் உதாரணம். 1992 மே மாதம் துணை ஜனாதிபதி டான் குவேல் ஒரு கூட்டத்தில், 'மர்ஃபி பிரவுன்' தொடரின் கதாநாயகி கல்யாணம் ஆகாமலே பிள்ளை பெற்றுக்கொள்வதைக் கண்டித்துப் பேசினார். இல்லாத ஒரு பெண்ணைத் துணை ஜனாதிபதி திட்டுகிறார்! அடுத்த மாதமே நியூஜெர்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில், ஒரு பையன் கரும்பலகையில் உருளைக்கிழங்குக்குச் சரியாக எழுதியிருந்த ஸ்பெல்லிங்கில் கடைசியில் ஒரு 'இ' சேர்க்கச் சொல்லி மாட்டிக்கொண்டார். செப்டம்பரில் புது சீசன் தொடங்கியபோது தொடர் பதிலடி கொடுத்தது. துணை ஜனாதிபதியின் வீட்டு வாசலில் ஒரு லாரி உருளைக்கிழங்கைக் கொட்டிவிட்டுப் போவார்கள். தேதி தெரியாமல் பார்த்தால் அது வெறும் காய்கறி. அதேபோல் எந்த ஊழலின் பெயரும் 'கேட்' என்று முடிந்தால் 1972-ல் வாட்டர்கேட் கட்டடத்தில் நடந்த திருட்டு நுழைவுதான் மூலம், கதவு இல்லை.

'ஹீ டிராங்க் த கூல்-எய்ட்'னு சொல்லிச் சிரிக்கிறாங்க. ஜூஸ் குடிக்கிறதுல என்ன இருக்கு? ஆபீஸ்ல சொல்லலாமா?

சொல்லாதீர்கள். கூல்-எய்ட் அங்கே குழந்தைகள் குடிக்கும், தண்ணீரில் கலக்கும் பழச்சுவைத் தூள். 1978 நவம்பரில் கயானா நாட்டில் ஜோன்ஸ்டவுன் என்ற இடத்தில், ஜிம் ஜோன்ஸ் என்ற மதக்குழுத் தலைவனின் பேச்சில் 900-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலோர் சயனைடு கலந்த பழச்சாறில். குழந்தைகளுக்கும் கொடுத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை நம்புகிறவரை அதிலிருந்து இப்படிச் சொல்ல ஆரம்பித்தார்கள். அமெரிக்கர்களே ஆபீஸில் சாதாரணமாகச் சொல்வார்கள்தான். ஆனால் பின்கதை தெரிந்த ஒருவர் எதிரில் இருந்தால் முகம் மாறும். புரிந்துகொள்ள வைத்துக்கொள்ளுங்கள், வாயில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

தமிழ் சப்டைட்டில் போட்டா ஜோக் காணாமப் போகுதே, ஏன்?

சப்டைட்டில் எழுதுகிறவரைத் திட்ட வேண்டாம். பொதுவாகத் திரையில் இரண்டே வரி, சில விநாடிதான் நிற்கும். தமிழ்ச் சொற்களோ நீளம். அதற்குள் பொருளைக் கொண்டுவருவதே பெரும்பாடு, அடுத்து சிலேடை. ஃபிரண்ட்ஸில் ஜோயி ஒரு இடத்தில் 'மூ பாயிண்ட்' என்பான். சரியான சொல் 'மூட் பாயிண்ட்', அதாவது பேசிப் பயனில்லாத விஷயம். அவனுக்கு அது தெரியாது. மாடு கத்தும் 'மூ' என்று நினைத்துக்கொண்டு, மாட்டின் கருத்து யாருக்கு வேண்டும், அதனால் அது மூ பாயிண்ட் என்று விளக்கம் வேறு கொடுப்பான். தப்பான சொல்லுக்குச் சரியான அர்த்தம்! இதைத் தமிழில் கொண்டுவர நானும் இரண்டு நாள் யோசித்தேன். நம் மாடு 'அம்மா' என்று கத்துகிறது, அதை வைத்து ஒன்றும் தேறவில்லை.

ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். காதில் நழுவியது கண்ணில் சிக்கும், தேடவும் எழுத்து கிடைக்கும்.

தொடர்லேருந்தே இங்கிலீஷுக்குப் போன வார்த்தையெல்லாம் இருக்காமே?

நிறைய. மின்னஞ்சலில் வரும் 'ஸ்பேம்' அப்படித்தான். அது 1937-லிருந்து விற்கும் டப்பா இறைச்சி. 1970-ல் மான்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழு ஒரு குறுநாடகம் போட்டது. ஹோட்டலில் எதைக் கேட்டாலும் அதில் ஸ்பேம், பட்டியல் முழுக்க ஸ்பேம், கூடவே ஒரு கூட்டம் ஸ்பேம் ஸ்பேம் என்று பாட்டு. வேண்டாத கடிதம் வந்து குவிவதற்கு அந்தப் பெயர் பொருந்திப்போனது. ஹோமர் சிம்சன் நெற்றியில் அடித்துக்கொண்டு கத்தும் 'டோ' 2001-ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குள் போனது. 'தி திக் ஆஃப் இட்' என்ற பிரிட்டிஷ் தொடர் 2009-ல் சொன்ன 'ஆம்னிஷாம்பிள்ஸ்', எங்கும் எதிலும் குளறுபடி என்ற பொருளில், 2012-ல் ஆக்ஸ்ஃபோர்டின் ஆண்டுச் சொல் ஆனது. 'ஜம்ப் த ஷார்க்' என்றால் ஒரு தொடர் சரக்குத் தீர்ந்து இறங்குமுகமாவது. 1977-ல் 'ஹேப்பி டேஸ்' தொடரின் ஃபான்சி தோல் ஜாக்கெட்டோடு நீர்ச்சறுக்கில் போய் ஒரு சுறாவைத் தாண்டிய காட்சியிலிருந்து பிறந்தது. நம் மெகா சீரியல்களில் எத்தனை சுறா என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

மிஸ், எல்லாம் தேடிப் படிச்சுட்டேன். ஜோக் புரிஞ்சிடுச்சு. ஆனா சிரிப்பு வரலையே?

வராது. விளக்கிய ஜோக் ஆறின காபி. ஆனால் அதே ரெஃபரன்ஸ் இன்னொரு தொடரில் வரும்போது சூடாக வரும், அப்போது தானாகச் சிரிப்பீர்கள். அதற்கும் வரவில்லை என்றால் அந்த ஜோக்கே சுமார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் மொக்கை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கத்துக்கிட்டதை கிளையன்ட் மீட்டிங்ல எடுத்து விடலாமா?

அவர்கள் சொல்வது புரிந்தால் முதலில் போதும். 'லெட்ஸ் டச் பேஸ் ஆன் மண்டே' என்றால் திங்கட்கிழமை ஒரு தடவை பேசிக்கொள்வோம் என்று பொருள், மேலே சொன்ன ஃபர்ஸ்ட் பேஸை நினைத்துப் பதற வேண்டாம். புரியாவிட்டால் 'எனக்கு பேஸ்பால் தெரியாது, என்ன அர்த்தம்?' என்று சிரித்துக்கொண்டே கேட்கலாம். ஆசையாக விளக்குவார்கள்.

நீங்கள் பேசும்போது மட்டும் சொல்லுக்குச் சொல் அப்படியே வர வேண்டும். இடியத்தில் ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது. என் மாணவி ஒருத்தி, வெளிநாட்டு மேனேஜர் ஒரு பிரசென்டேஷனுக்குக் கிளம்பும்போது 'பிரேக் எ லெக்' என்று வாழ்த்த நினைத்திருக்கிறாள். பதற்றத்தில் வாயில் வந்தது, 'சார், ஐ வில் பிரேக் யுவர் லெக்.'